எம்எஃப்ஐ: ஒற்றை எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பாலிஎதிலீன் தொழிலில் இருக்கும் யாரிடமாவது ஒரு புதுச் சரக்கைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். விலைக்கு அடுத்து வரும் கேள்வி, "எம்எஃப்ஐ எவ்வளவு?" என்பதாகத்தான் இருக்கும். மெல்ட் ஃப்ளோ இண்டெக்ஸ் என்பதன் சுருக்கம் அது. உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைக் காட்டும் எண். குருணை மூட்டையோடு வரும் சான்றிதழில் அது இருக்கும். கம்பெனியின் தகவல் தாளில் முதல் வரிசையில் இருக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் 'பயன்படுத்திய பொருட்கள்' என்ற பகுதியிலும் பல சமயம் அது மட்டும்தான் இருக்கும்.

இந்தப் பதிவு அந்த எண்ணைப் பற்றிய விமர்சனம். நான் சொல்ல வருவது சுருக்கமாக இதுதான்: ஒரே கிரேடு சரக்கு நேற்று வந்த மாதிரியே இன்றும் வந்திருக்கிறதா என்று பார்க்க எம்எஃப்ஐ அருமையான சோதனை. ஆனால் இரண்டு வேறு பாலிஎதிலீன்களை ஒப்பிடவோ, ஒரு பாலிஎதிலீன் மெஷினில் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே சொல்லவோ அதற்குத் தகுதி கிடையாது. நாம் அதை அதிகமாகப் பயன்படுத்துவது இந்த இரண்டாவது வேலைக்குத்தான். மறுசுழற்சி பிளாஸ்டிக் சந்தைக்குள் பெரிய அளவில் வந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில், இந்தப் பழக்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது.

சோதனை என்ன செய்கிறது?

கருவி ரொம்ப எளிமையானது. ஒரு சூடான எஃகு உருளை. பாலிஎதிலீனுக்கு வெப்பநிலை வழக்கமாக 190 டிகிரி செல்சியஸ். அதில் சில கிராம் குருணையைப் போட்டு, சில நிமிடம் உருக விட்டு, மேலே ஒரு பிஸ்டனை வைத்து, அதன்மேல் எடையை ஏற்றுவார்கள். பிஸ்டனோடு சேர்த்து எடை 2.16 கிலோ. உருளையின் அடியில் ஒரு சின்ன டை இருக்கும். துளையின் விட்டம் 2.095 மில்லிமீட்டர், நீளம் 8 மில்லிமீட்டர். அந்தத் துளை வழியாக 10 நிமிடத்தில் எத்தனை கிராம் பிளாஸ்டிக் வெளியே வருகிறதோ, அதுதான் எம்எஃப்ஐ. எண் கூடினால் சரக்கு இளகலாக ஓடும். குறைந்தால் கெட்டியாக இருக்கும்.

படலம் ஊதும் எல்டி கிரேடுகளில் பல 1-க்கும் 2-க்கும் அருகே இருக்கும். பக்கெட், குடம் மாதிரி இன்ஜெக்‌ஷன் மோல்டிங் சாமான்களுக்கு அதைவிடப் பல மடங்கு கூடிய எண். குழாய் கிரேடுகள் அவ்வளவு கெட்டி, 2.16 கிலோவுக்குச் சரியாக அசையாது என்பதால் 5 கிலோ எடை வைத்து அளப்பார்கள். இன்னும் கெட்டியானவற்றுக்கு 21.6 கிலோ.

இந்தச் சோதனையின் பின்னணியையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. 1933-இல் இங்கிலாந்தில் ஐசிஐ நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் என்ற இருவர், எதிலீன் வாயுவை மிக அதிக அழுத்தத்தில் வினைபுரிய விட்டபோது மெழுகு மாதிரி ஒரு வெள்ளைப் பொருள் மிஞ்சியது. பாலிஎதிலீன் கதை அங்கே ஆரம்பிக்கிறது. 1939-இல் உற்பத்தி தொடங்கியது. 1950-கள் வரை சந்தையில் இருந்தது கிட்டத்தட்ட இந்த ஒரே வகைதான்: கிளைகள் நிறைந்த, அடர்த்தி குறைந்த எல்டி. ஒரே குடும்பத்துப் பிள்ளைகளை உயரத்தை மட்டும் வைத்து அடையாளம் சொல்லிவிடலாம். அப்புறம் 1950-களில் ஜெர்மனியில் கார்ல் சீக்லரும், அமெரிக்காவில் ஃபிலிப்ஸ் நிறுவனத்து வேதியியலாளர்களும் குறைந்த அழுத்தத்திலேயே எச்டி செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1970-களின் இறுதியில் எல்எல்டி பெரிய அளவில் வந்தது. 1990-களில் மெட்டலோசீன் வினையூக்கியால் செய்தவை வந்தன. குடும்பம் பெருகிப் பல குடும்பம் ஆகிவிட்டது. நாம் இன்னும் உயரத்தை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒரே ஒரு புள்ளி

தேனையும் தோசை மாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். தேனை மெதுவாகக் கலக்கினாலும் வேகமாகக் கலக்கினாலும் அதன் பாகுத்தன்மை ஏறக்குறைய ஒன்றுதான். தோசை மாவு அப்படி இல்லை. வேகமாகக் கலக்கும்போது இளகி ஓடும். கரண்டியை எடுத்துவிட்டால் மறுபடி கெட்டியாக நிற்கும். உருகிய பாலிஎதிலீன் தோசை மாவுக் கட்சி. அடுக்குகள் எவ்வளவு வேகமாக ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றனவோ, அவ்வளவுக்கு அது இளகும். இந்த வழுக்கும் வேகத்தைத்தான் ஷியர் ரேட் என்கிறார்கள்.

எம்எஃப்ஐ கருவிக்குள் ஷியர் ரேட் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எம்எஃப்ஐ 1 என்றால் 600 வினாடிக்கு 1 கிராம். உருகிய பாலிஎதிலீனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.76 கிராம். துளையின் ஆரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் வினாடிக்குச் சுமார் 2.4 என்று வரும். அதே மாதிரி, 2.16 கிலோ எடை அந்தத் துளையின் சுவரில் உண்டாக்கும் ஷியர் அழுத்தம் சுமார் 19.5 கிலோபாஸ்கல்.

இப்போது தொழிற்சாலைக்கு வாருங்கள். படலம் ஊதும் டையில் ஷியர் ரேட் வினாடிக்குச் சில நூறு முதல் ஆயிரம் வரை போகும். இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் பல ஆயிரங்கள். அதாவது நாம் 2.4-இல் அளந்துவிட்டு 500-இல் நடப்பதை ஊகிக்கிறோம். மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, நெடுஞ்சாலையில் கார் எப்படி ஓடும் என்று சான்றிதழ் கொடுப்பது போலத்தான்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிய தப்புக்குக் கொண்டுபோகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. எம்எஃப்ஐ 1 கொண்ட இரண்டு சரக்குகள். அந்தப் புள்ளியில் இரண்டின் பாகுத்தன்மையும் சுமார் 8,000 பாஸ்கல்-வினாடி. ஷியர் ரேட் கூடக்கூட எவ்வளவு இளகும் என்பதைக் குறிக்கும் அடுக்கெண் ஒன்றுக்கு 0.4, மற்றொன்றுக்கு 0.6 என்று வைத்துக்கொள்வோம். எண் சிறியதாக இருந்தால் அதிகம் இளகும். வினாடிக்கு 500 என்ற வேகத்தில் முதலாவது சுமார் 330-க்கு இறங்கிவிடும். இரண்டாவது சுமார் 950-இல் நிற்கும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். நிஜச் சரக்கின் வளைகோடு இவ்வளவு நேராக இருக்காது என்பதால் வித்தியாசம் இதைவிடக் குறையலாம். இருந்தாலும் சான்றிதழில் இரண்டும் '1.0' தான்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. எல்எல்டி சந்தைக்கு வந்தபோது நடந்தது இதேதான். எல்டி ஊதிக்கொண்டிருந்த மெஷினில் அதே எம்எஃப்ஐ கொண்ட எல்எல்டியைப் போட்டால், மோட்டார் திணறும், டைக்கு முன்னால் அழுத்தம் ஏறும், ஃபிலிமின் மேற்பரப்பு சொரசொரப்பாக வரும். எல்டியில் கிளைகளும் உண்டு, சங்கிலிகளின் நீளத்திலும் பெரிய ஏற்றத்தாழ்வு உண்டு. அதனால் வேகத்தில் நன்றாக இளகிக் கொடுக்கும். எல்எல்டியின் சங்கிலிகள் அவ்வளவு விட்டுக்கொடுக்காது. கடைசியில் டையின் இடைவெளியை ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே இருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு அகலப்படுத்தி, ஸ்க்ரூவின் வடிவத்தை மாற்றி, காற்று வளையத்தை மாற்றித்தான் அதைப் பழக்கினார்கள். இவ்வளவு மாற்றம் தேவைப்படும் என்று எம்எஃப்ஐ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்தத் துளையின் நீளம் அதன் விட்டத்தைப் போல நான்கு மடங்குகூட இல்லை. அகலமான உருளையிலிருந்து சின்னத் துளைக்குள் நுழையும் இடத்திலேயே அழுத்தத்தின் ஒரு பங்கு செலவாகிவிடுகிறது. மீள்தன்மை அதிகமுள்ள சரக்கில் இந்தச் செலவு கூடுதல். ரியாலஜி ஆய்வகத்தில் இதற்குத் திருத்தம் செய்வார்கள். பேக்லி திருத்தம் என்று அதற்குப் பெயர், 1957-லிருந்து இருக்கிறது. எம்எஃப்ஐயில் அந்தத் திருத்தம் கிடையாது. ஆக மேலே சொன்ன 19.5 கிலோபாஸ்கல்கூட ஒரு பெயரளவு எண்தான்.

இழுத்துப் பார்க்காத சோதனை

என் பார்வையில் எம்எஃப்ஐயின் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது பிளாஸ்டிக்கைத் தள்ளிப் பார்க்கிறது. இழுத்துப் பார்ப்பதே இல்லை.

ஃபிலிம் ஊதும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். வட்ட டையிலிருந்து உருகிய பிளாஸ்டிக் குழாய் மாதிரி மேலே வரும், உள்ளே காற்றை ஊதி அதைப் பெரிய பலூனாக விரிப்பார்கள், மேலே இருக்கும் உருளைகள் அதை வேகமாக இழுக்கும். டைக்கு வெளியே வந்த பிறகு அங்கே நடப்பது முழுக்க முழுக்க இழுப்புதான். பாட்டில் ஊதுவதிலும், காகிதத்தின்மேல் பாலிஎதிலீன் பூசுவதிலும் இதே கதை. சரக்கு தேறுமா தேறாதா என்பது இந்த இழுப்பில் முடிவாகிறது.

சாதாரண திரவத்தில் இழுப்புக்கான பாகுத்தன்மை, ஷியருக்கான பாகுத்தன்மையைப் போல மூன்று மடங்கு. இதை ட்ரௌட்டன் 1906-லேயே காட்டிவிட்டார். எல்டி இந்த விதிக்கு அடங்காது. இழுக்க இழுக்க இறுகிக்கொண்டே போகும்; அதன் எதிர்ப்பு பல மடங்கு ஏறும். காரணம், அதன் நீளக் கிளைகள். இரண்டு கிளைமுனைகளுக்கு நடுவே மாட்டிய சங்கிலிப் பகுதி சுலபமாக நழுவி வர முடியாது; இரண்டு பக்கமும் பிடித்த கயிறு மாதிரி விறைத்துக்கொள்ளும். 1998-இல் மெக்லீஷும் லார்சனும் முன்வைத்த 'பாம்-பாம்' மாதிரி இந்தக் கருத்தின்மேல் கட்டியதுதான்.

இந்த இறுக்கம் ஃபிலிம்காரருக்கு ஒரு வரம். பலூனில் ஓர் இடம் மெலிந்தால் அந்த இடம்தான் அதிகம் இழுபடும், இழுபட்டதும் இறுகும், இறுகியதும் மெலிவது நின்றுவிடும். தானே தன்னைச் சரிசெய்துகொள்ளும். எல்எல்டியில் இந்த இறுக்கம் பெரிதாக இல்லை. அதனால் அதன் பலூன் ஆடும், தடிமன் சீராக வராது. ஆனால் அதே காரணத்தால் எல்எல்டியை மிக மெல்லிய ஃபிலிமாக இழுக்கலாம். குளிர்ந்த பிறகு கிழிவதற்கும் குத்துவதற்கும் நன்றாகத் தாங்கும். தள்ளும்போது எல்டி இளகல், எல்எல்டி முரடு. இழுக்கும்போது எல்டி முரடு, எல்எல்டி இளகல். இரண்டையும் கலந்து பால் பாக்கெட் ஃபிலிம் ஊதுவதன் பின்னால் இருக்கும் தர்க்கம் இதுதான். இவ்வளவு முக்கியமான குணம் எம்எஃப்ஐயில் எங்கே தெரிகிறது? எங்கேயும் தெரியாது.

"வேறு வேறு வகையை ஒப்பிட்டால் அப்படித்தான் இருக்கும், ஒரே வகைக்குள் ஒப்பிடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்ல இரண்டு உதாரணங்கள் உண்டு.

முதலாவது, எல்டி தயாரிக்கும் இரண்டு வகை உலைகள்: ஆட்டோகிளேவ் என்ற கலக்கு தொட்டி, ட்யூபுலார் என்ற நீண்ட குழாய். இரண்டிலிருந்தும் ஒரே எம்எஃப்ஐ, ஒரே அடர்த்தி கொண்ட எல்டியை எடுக்க முடியும். ஆனால் கிளைகளின் அமைப்பு வேறு. காகிதத்தின்மேல் பூசும்போது டையிலிருந்து தொங்கும் உருகிய திரை இரண்டு ஓரத்திலும் உள்ளே சுருங்கும். ஆட்டோகிளேவ் சரக்கில் அந்தச் சுருக்கம் குறைவு. பூச்சு வேலைக்காரர்கள் அதைக் கேட்டு வாங்குவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, 1975-இல் யோஆகிம் மைஸ்னர் வெளியிட்ட ஒரு கூட்டாய்வு. வேதியியலுக்கான பன்னாட்டு அமைப்பான ஐயுபிஏசியின் குழு ஒன்று, ஏ, பி, சி என்று பெயரிட்ட மூன்று எல்டி மாதிரிகளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி அளக்கச் சொன்னது. வழக்கமான எண்களில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. ஃபிலிமாக ஊதியபோது ஒன்றுபோல இல்லை. வித்தியாசத்தைப் பிடிக்கப் பெரிய உருமாற்றங்களையும் மீள்தன்மையையும் பார்க்கும் சோதனைகள் தேவைப்பட்டன. ஐம்பது வருடம் ஆகிறது. பாடம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது, நாம்தான் படிக்கவில்லை.

மொத்த மதிப்பெண்ணும் பாடவாரி மதிப்பெண்ணும்

பத்தாம் வகுப்பில் இரண்டு பேர் 500-க்கு 400 வாங்குகிறார்கள். ஒருவர் எல்லாப் பாடத்திலும் 80. மற்றவர் கணக்கில் 100, இன்னொன்றில் 60. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்று. எம்எஃப்ஐயும் இப்படி ஒரு மொத்த மதிப்பெண்தான். பாலிஎதிலீனில் எல்லாச் சங்கிலியும் ஒரே நீளம் இல்லை. குட்டை, நெட்டை எல்லாம் கலந்து கிடக்கும். அந்தக் கலவை எப்படிப்பட்டது என்பதை ஓர் எண் சொல்லாது.

இதன் விளைவு குழாயில் நன்றாகத் தெரியும். தண்ணீர், எரிவாயு கொண்டுபோகும் பிஇ100 குழாய்ச் சரக்கு, 20 டிகிரியில் 50 வருடத்துக்கு 10 மெகாபாஸ்கல் சுவர் அழுத்தத்தைத் தாங்கவேண்டும் என்பது அதன் வகைப்பாட்டுக் கணக்கு. மண்ணுக்குள் கிடக்கும் குழாய் பெரும்பாலும் ஒரே அடியில் வெடிப்பதில்லை. ஒரு கீறலிலிருந்து மெல்ல மெல்ல, வருடக்கணக்கில் விரிசல் வளர்ந்து போகும். அதைத் தடுப்பது, ஒரு படிக அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போடும் நீளச் சங்கிலிகள். நீளச் சங்கிலி மட்டும் இருந்தால் மெஷினில் ஓடாது. ஆகவே இரண்டு உலைகளை அடுத்தடுத்து வைத்து, ஒன்றில் நீளச் சங்கிலியும் மற்றொன்றில் குட்டைச் சங்கிலியும் செய்து கலக்கிறார்கள். பாலம் போடுவது நீளச் சங்கிலியின் வேலை, ஓட்டம் கொடுப்பது குட்டைச் சங்கிலியின் வேலை. இப்படிச் செய்யாத ஒரு சாதாரண எச்டியையும் இதே எம்எஃப்ஐக்குக் கொண்டுவரலாம். 5 கிலோ எடைக்குக் கீழே இரண்டும் ஒரே வேகத்தில் வழியும். மண்ணுக்குக் கீழே ஒன்று சீக்கிரமே விரிசல் விடும்.

எண்ணின் பக்கமும் நியாயம் உண்டு

இவ்வளவு குறை சொன்ன பிறகு, எம்எஃப்ஐ ஏன் இன்னும் நிற்கிறது என்று கேட்காமல் விடுவது நேர்மை இல்லை. கருவி மலிவு. அரை மணி நேரத்துக்குள் முடிவு வரும். ஒரு சின்னக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவரும் சில நாட்களில் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு பெரிய பலமும் உண்டு. நேர்ச் சங்கிலிப் பாலிமர்களில், மெதுவான ஓட்டத்தில், பாகுத்தன்மை மூலக்கூறு எடையின் 3.4 மடி அடுக்கில் ஏறும். அதாவது சராசரி மூலக்கூறு எடை 20% குறைந்தால் பாகுத்தன்மை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். உலையில் நடக்கும் சின்ன மாற்றத்தையும் எம்எஃப்ஐ பெரிதாக்கிக் காட்டும். நேற்று 1.0, இன்று 1.6 என்று வந்தால் எங்கேயோ ஏதோ மாறியிருக்கிறது. உலை ஆபரேட்டருக்கு இதைவிட உபயோகமான எச்சரிக்கை மணி குறைவு.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை நாம் குறை சொல்வதில்லை. உடம்பு சரியில்லை என்று அது சொல்கிறது. டைஃபாய்டா டெங்குவா என்று அதைக் கேட்டால் தப்பு கேட்டவர் மேல். எம்எஃப்ஐ சோதனைக்கான அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் டி1238, இந்த எண் பாலிமரின் அடிப்படைப் பண்பு அல்ல, சோதனை நிலைமைகளால் வரையறுக்கப்பட்ட ஒன்று என்று தானே சொல்லிவிடுகிறது. ஆக என் விமர்சனம் கருவியின் மேல் இல்லை. தரநிலை எச்சரித்த பிறகும் அதைக் குணச்சான்றாக எடுத்துக்கொள்ளும் நம் பழக்கத்தின் மேல்.

மறுசுழற்சியில்தான் சிக்கல் முற்றுகிறது

புதுச் சரக்கில் இந்தப் பழக்கம் ஓரளவு பிழைத்துப் போகிறது. கிரேடு பெயர் ஒன்று இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரே உலை, ஒரே வினையூக்கி, பல வருட அனுபவம் இருக்கிறது. எம்எஃப்ஐ சொல்லாததை அந்தப் பெயர் சொல்லிவிடும். மறுசுழற்சிக் குருணைக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. அதற்கு அடையாளம் நிறம், விலை, எம்எஃப்ஐ. அவ்வளவுதான்.

அந்த எம்எஃப்ஐ எதையெல்லாம் மறைக்கும் என்று பாருங்கள்.

முதலில், சரக்கின் சீரழிவு. பாலிஎதிலீனை மறுபடி மறுபடி உருக்கும்போது இரண்டு எதிரெதிரான காரியங்கள் நடக்கும். சில சங்கிலிகள் அறுந்து குட்டையாகும், எம்எஃப்ஐ ஏறும். சில சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிளைவிடும், எம்எஃப்ஐ இறங்கும். எது அதிகம் என்பது வெப்பநிலை, ஆக்ஸிஜன், எந்த வினையூக்கியால் செய்த சரக்கு என்பதையெல்லாம் பொறுத்தது. பாலிப்ரொப்பிலீனில் அறுவதே முக்கியம் என்பதால் எம்எஃப்ஐ ஏறுவதைப் பார்த்துச் சீரழிவை ஊகிக்கலாம். பாலிஎதிலீனில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி எண் அசையாமலே நிற்கலாம். சரக்கு உள்ளுக்குள் வேறு ஆளாக மாறியிருக்கும். 'எம்எஃப்ஐ மாறவில்லை, ஆகவே சீரழிவு இல்லை' என்று எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு நெருடுவது இந்த இடம்தான்.

இரண்டாவது, கலப்படம். எச்டி பாட்டிலோடு பாலிப்ரொப்பிலீன் மூடியும் சேர்ந்து அரைபடும். அதுவும் 165 டிகிரிக்கு அருகே உருகிவிடும் என்பதால் 190 டிகிரி சோதனையில் சத்தமில்லாமல் ஓடிவிடும். ஆனால் இரண்டும் உண்மையில் கலப்பதில்லை. குளிர்ந்ததும் அந்த எல்லைகளில்தான் சாமான் உடையும். சுண்ணாம்புத் தூள் கலந்த சரக்கு என்றால் இன்னொரு குழப்பம்: எம்எஃப்ஐ கிராமில் சொல்லப்படுவதால், தூளின் கனமும் ஓட்டக் கணக்கில் சேர்ந்துவிடும்.

மூன்றாவது, ஜோடிப்பு. இளகலான ஒன்றையும் கெட்டியான ஒன்றையும் கலந்து கேட்ட எண்ணைக் கொண்டுவருவது பெரிய வித்தை இல்லை. வாங்குபவர் எண்ணைத்தான் கேட்கிறார் என்றால், விற்பவர் எண்ணைத்தான் தயாரிப்பார். எந்த அளவுகோலை இலக்காக வைத்தாலும் நடப்பது இதுதான்.

2022-இல் திருத்தப்பட்ட இந்தியாவின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், பேக்கேஜிங்கில் மறுசுழற்சி பிளாஸ்டிக்கைச் சேர்ப்பதைக் கடமையாக்கும் பாதையில் போகின்றன. பல நாடுகளும் இதே திசையில்தான். நல்ல நோக்கம். ஆனால் மறுசுழற்சிச் சரக்கு மெஷினில் தகராறு செய்தால், பலூன் கிழிந்தால், பாட்டில் கசிந்தால், நட்டம் பெரும்பாலும் நான்கைந்து மெஷின் வைத்து ஓட்டும் சின்ன முதலாளிக்குத்தான். ரியாலஜி ஆய்வகம் அவரிடம் கிடையாது. எம்எஃப்ஐ சரியாக இருந்தது என்று விற்றவர் சொல்லிவிடுவார்; அவர் சொல்வதும் உண்மைதான். 'மறுசுழற்சி சரக்கே சரியில்லைப்பா' என்ற பேச்சு பரவும். சரக்கின்மேல் விழும் பழியில் ஒரு பங்கு, அதைத் தப்பான எண்ணால் விற்றதன்மேல் விழவேண்டியது.

ஒரு பக்கக் கதை: சுறாத் தோல்

மேலே எல்எல்டி ஃபிலிமின் சொரசொரப்பைச் சொன்னேன். துறையில் அதற்குச் சுறாத் தோல் என்று பெயர். டையின் சுவரில் ஷியர் அழுத்தம் சுமார் 0.1 மெகாபாஸ்கலைத் தாண்டும்போது இது தலைகாட்டும். எம்எஃப்ஐ சோதனையின் அழுத்தத்தைப் போல ஐந்து மடங்கு அது. ஆகவே அந்தச் சோதனையில் இது தெரிய வாய்ப்பே இல்லை. தொழில் இதற்குக் கண்டுபிடித்த மருந்து, பத்து லட்சத்தில் சில நூறு பங்கு ஃப்ளோரோபாலிமர் சேர்ப்பது. அது டைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, உருகிய பிளாஸ்டிக்கை வழுக்கிப் போகச் செய்யும். இந்த ஃப்ளோரோபாலிமர்கள், சூழலில் அழியாமல் தங்கிவிடும் பிஎஃப்ஏஎஸ் என்ற சேர்மக் குடும்பத்தில் வருபவை. 3எம் நிறுவனம் 2025 இறுதிக்குள் பிஎஃப்ஏஎஸ் தயாரிப்பிலிருந்து விலகுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. ஃப்ளோரின் இல்லாத மாற்றுகளை இப்போது எல்லோரும் தேடுகிறார்கள். அந்த மாற்று வேலை செய்கிறதா என்று பார்க்க, உற்பத்தி நடக்கும் அழுத்தத்திலேயே அளந்தாகவேண்டும். 2.16 கிலோ எடையில் நடக்கும் எம்எஃப்ஐ சோதனை அங்கே எட்டாது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

எல்லோரும் பெரிய ரியோமீட்டர் வாங்குங்கள் என்று சொல்வது சுலபம், நடக்காது. நடக்கக்கூடியதைச் சொல்கிறேன்.

ஒன்று: அதே எம்எஃப்ஐ கருவியில் இரண்டு எடையில் அளவுங்கள். 2.16 கிலோவில் ஒன்று, 21.6 கிலோவில் ஒன்று. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வரும் விகிதம், சரக்கு வேகத்தில் எவ்வளவு இளகும் என்பதற்கு ஒரு தோராயமான அறிகுறி. கூடுதல் செலவு ஓர் எடைக்கல், கொஞ்ச நேரம்.

இரண்டு: டையிலிருந்து வெளியே வரும் இழை துளையைவிட எவ்வளவு பருத்திருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பருமன் மீள்தன்மையின் கையெழுத்து. எம்எஃப்ஐ அளக்கும்போது அந்த இழையை வெட்டி, எடைபோட்டு, குப்பையில் போடுகிறோம். போடுவதற்கு முன் ஒரு மைக்ரோமீட்டரால் அளந்தால் போதும். கீழே வரும்போது தன் எடையால் நீளாத முதல் துண்டாகப் பார்த்து அளக்கவேண்டும்.

மூன்று: ஃபிலிம் அல்லது பாட்டில் ஊதும் வேலை என்றால் உருகிய இழையை இழுத்து, அறும்வரை எவ்வளவு விசை தாங்குகிறது என்ற சோதனையைக் கேளுங்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் வேண்டாம். புதிதாக ஒரு இடத்திலிருந்து சரக்கு எடுக்கும்போது ஒருமுறை செய்தால் போதும்.

நான்கு, இது ஆய்வு மாணவர்களுக்கு: 'ஒரே எம்எஃப்ஐ கொண்ட இரண்டு பாலிஎதிலீன்களை எடுத்துக்கொண்டோம், ஆகவே ஓட்டப் பண்பு சமம்' என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். எந்த வகை உலை, எந்த வினையூக்கி, மூலக்கூறு எடைப் பரவல், பல அதிர்வெண்களில் அளந்த பாகுத்தன்மை, இவற்றைக் கொடுங்கள். பத்தாயிரம் கார்பனுக்கு ஒரு நீளக் கிளை இருந்தாலே ஓட்டம் மாறிவிடும். அவ்வளவு அரிதான கிளையை என்எம்ஆர் கருவியில் பிடிப்பது கடினம். ஆறு கார்பனுக்கு மேற்பட்ட கிளைகளின் நீளத்தை அது பிரித்துச் சொல்வதும் கஷ்டம். ரியாலஜி அதைப் பிடித்துவிடும். வேதியியல் கருவிக்கே தெரியாததைச் சொல்லக்கூடிய ஓர் அளவீடு நம் கையில் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு ஒற்றை எண்ணில் நிற்பது நமக்குத்தான் நட்டம்.

மறுசுழற்சிக் குருணைக்கான தரநிலைகளை எழுதுகிறவர்களிடமும் ஒரு கோரிக்கை. எம்எஃப்ஐயை எடுத்துவிட வேண்டாம். அதன் பக்கத்தில் இரண்டாவது எடையின் எண்ணையும், பாலிப்ரொப்பிலீன் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதையும் கட்டாயமாக்குங்கள். இந்த இரண்டு வரி சான்றிதழில் ஏறிவிட்டால், சின்ன முதலாளிக்கு மூட்டையைப் பிரிக்கும் முன்பே பாதி உண்மை தெரிந்துவிடும்.